ஸ்ப்ளெண்டரை வைத்து ரேஸ் ஓட்ட முடியுமா? செலவு குறைந்த பைக் பந்தயத்துக்கு விதி எழுதுவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

"பைபாஸில் பைக் ரேஸ், இளைஞர்கள் மீது வழக்கு." தமிழ்நாட்டில் அடிக்கடி கண்ணில் படும் தலைப்பு இது. படித்ததும் நம்மில் பலர் சொல்வதும் ஒன்றுதான்: "அவ்வளவு ஆசை இருந்தா டிராக்குல போய் ஓட்ட வேண்டியதுதானே?"

நியாயமான பேச்சுதான். ஆனால் காரைக்குடி செக்காலையில் இருந்துகொண்டு, மாதச் சம்பளத்தில் வீட்டுச் செலவையும் பைக் இ.எம்.ஐ.யையும் சமாளிக்கும் ஓர் இளைஞர் டிராக்குக்குப் போக முடியுமா? போனால், அவர் கையில் இருக்கும் வண்டிக்கு அங்கே ஒரு பிரிவு இருக்கிறதா? அந்தப் பிரிவில் ஜெயிக்க எவ்வளவு செலவாகும்?

கடைசிக் கேள்விக்கான பதில் வண்டியின் விலையில் இல்லை, விதிப் புத்தகத்தில் இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

இப்போது என்ன வழி இருக்கிறது?

இந்திய பைக் பந்தயத்தின் தாய்வீடு தமிழ்நாடு என்றே சொல்லலாம். 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பல ஆண்டுகள் சோழவரத்தில் இருந்த இரண்டாம் உலகப் போர் கால விமான ஓடுபாதையில் பந்தயம் நடத்தியது. பிறகு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. நீளத்துக்குச் சொந்தமாக டிராக் அமைத்தது. கோயம்புத்தூரில் கரிவரதன் பெயரில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது.

தேசிய பைக் சாம்பியன்ஷிப்பில் 165 சிசி வரை ஒரு பிரிவு, 301 முதல் 400 சிசி வரை ஒரு பிரிவு, புதியவர்களுக்கு நோவிஸ் பிரிவு, பெண்களுக்குத் தனிப் பிரிவு என்று பிரித்து ஓட்டுகிறார்கள். இது தவிர கம்பெனிகளே நடத்தும் 'ஒன் மேக்' பந்தயங்களும் உண்டு. டி.வி.எஸ். நிறுவனம் 1994 முதல் இதை நடத்தி வருகிறது. ராயல் என்ஃபீல்டு 2021-ல் கான்டினென்டல் ஜி.டி. கோப்பையைத் தொடங்கியது.

எதில் ஓட்டுவதாக இருந்தாலும், இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. தரும் போட்டி உரிமம் வேண்டும். ஓட்டுநர் உரிமம் வேறு, இது வேறு.

ஆக, கதவு மூடியில்லை. ஆனால் காரைக்குடியில் இருந்து பார்த்தால் அந்தக் கதவு ரொம்ப தூரம். இருங்காட்டுக்கோட்டை சுமார் 400 கி.மீ. கோயம்புத்தூருக்குப் போகவே ஏறக்குறைய அரைநாள் ஆகும். ரேஸுக்காக மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்டிக்கொண்டும் போக முடியாது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. குட்டி யானையில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். ஒரு லேப் ஓட்டுவதற்கு முன்பே பர்ஸ் காலி.

பணம் உண்மையில் எங்கே போகிறது?

பைக் பந்தயம் என்றதும் எல்லோரும் வண்டி விலையைத்தான் நினைக்கிறார்கள். அது ஒருமுறைச் செலவு. டயர், என்ஜின் வேலை, விழுந்தால் மாற்ற வேண்டிய பாகங்கள், நுழைவுக் கட்டணம், பயணம், தங்கும் இடம் என்று திரும்பத் திரும்ப வரும் செலவுதான் ஆளைச் சாய்க்கும். பழைய 100 சிசி வண்டி ஒன்றின் விலையை, ஓட்டுபவர் போடும் தோல் சூட்டும் நல்ல ஹெல்மெட்டும் சேர்ந்தே தாண்டிவிடும்.

இதற்கு மேல் இன்னொரு செலவு இருக்கிறது. அது பட்டியலில் வராது. ஜெயிக்கும் ஆசைக்கு ஆகும் செலவு.

பத்துப் பேர் ஒரே மாதிரி வண்டியில் ஓட்டுகிறார்கள் என்று வையுங்கள். அதில் ஒருவர் மட்டும் வெளிநாட்டில் இருந்து ஒரு கேம்ஷாஃப்ட் வாங்கிப் போட்டு ஜெயிக்கிறார். அடுத்த ரேஸுக்கு இரண்டு பேர் அதை வாங்குவார்கள். அதற்கடுத்த ரேஸில் வாங்காதவர்கள் பின்னால் தங்கிவிடுவார்கள். சீசன் முடிவதற்குள் ஐந்து பேர் "நமக்கு இது சரிப்படாது" என்று விலகிவிடுவார்கள். முதலிடத்தில் வருபவர் எவ்வளவு செலவு செய்கிறாரோ, அதுதான் அந்தப் பிரிவின் உண்மையான நுழைவுக் கட்டணம். ரசீதில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

அதனால்தான் 'செலவு குறைந்த பிரிவு' என்று பெயர் வைத்தால் மட்டும் செலவு குறையாது. பணம் போட்டால் வேகம் கிடைக்கும் வழிகளை ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும்.

சிசி வரம்பு மட்டும் போதாதா?

நம்ம ஊரில் பிரிவு பிரிப்பது புது விஷயம் இல்லை. சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று தனித்தனியாக ஓடும். பிரிவுக்கேற்ப தூரமும் மாறும். பூஞ்சிட்டையும் பெரிய மாட்டையும் ஒன்றாக ஓட்டினால் அது பந்தயம் ஆகாது என்பது அங்கே நிற்கும் சின்னப் பையனுக்கும் தெரியும்.

பைக்கில் 'மாட்டின் அளவு' என்பது சிசி. ஆனால் சிசி முழுக் கதையையும் சொல்லாது. பல்சர் 150-ன் என்ஜின் 149.5 சிசி, சக்தி 14 பி.எஸ். யமஹா ஆர்15-ன் என்ஜின் 155 சிசி, சக்தி 18.4 பி.எஸ். சிசி வித்தியாசம் ஐந்தரைதான். சக்தியோ 30 சதவீதத்துக்கு மேல் அதிகம். காரணம், ஆர்15-ல் லிக்விட் கூலிங், நான்கு வால்வு. '165 சிசி வரை எந்த வண்டியும் வரலாம்' என்று மட்டும் விதி எழுதினால், பல்சர் வைத்திருப்பவர் ஓட வருவார், ஆனால் ஜெயிக்க மாட்டார்.

உலக அளவிலும் இதே தலைவலி வந்தது. 2017-ல் தொடங்கிய சூப்பர்ஸ்போர்ட் 300 உலகச் சாம்பியன்ஷிப்பில் 321 சிசி யமஹாவும் 471 சிசி ஹோண்டாவும் ஒரே கோட்டில் நின்றன. சமன் செய்ய, ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனி ஆர்.பி.எம். வரம்பு வைத்தார்கள். வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து குறைந்தபட்சம் இவ்வளவு எடை இருக்க வேண்டும் என்றும் வைத்தார்கள். எடையைச் சேர்த்து நிறுத்துவது முக்கியமான யோசனை. இல்லாவிட்டால் 80 கிலோ ஆள், 55 கிலோ ஆளுக்கு ஈடுகொடுக்க விலை கூடிய லேசான பாகங்களைத் தேடிப் போவார்.

செலவைக் கட்டுப்படுத்த உலகம் கண்ட 3 வழிகள்

1. எல்லோருக்கும் ஒரே வண்டி

ஒன் மேக் பந்தயம் இதுதான். கம்பெனியே ஒரே மாதிரி தயாரித்த வண்டிகளைக் களத்தில் இறக்கும். ஓட்டுபவர் தன் திறமையைக் காட்டினால் போதும். மோட்டோ ஜி.பி.க்கு அடுத்த நிலையான மோட்டோ 2-விலும் 2010 முதல் எல்லோருக்கும் ஒரே ஹோண்டா 600 சிசி என்ஜின், 2019 முதல் டிரையம்ஃப் 765 சிசி என்ஜின்.

நல்ல விஷயம்: செலவு குறைவு, சண்டை குறைவு. சிக்கல்: சாவி கம்பெனி கையில். எத்தனை பேர், எந்த ஊரில், எத்தனை வருஷம் என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். சொந்த வண்டியை வைத்து ஆசைக்கு ஓட்ட நினைப்பவருக்கு இதில் இடம் இல்லை.

2. செலவுக்கே உச்சவரம்பு

அமெரிக்காவில் 'லெமன்ஸ்' என்ற கார் பந்தயம் இருக்கிறது. காரின் மதிப்பு 500 டாலருக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. கவனிக்க வேண்டியது, பாதுகாப்புக் கூண்டு, பிரேக் போன்றவை அந்த 500 டாலர் கணக்கில் வராது. உயிர் காக்கும் பாகத்தில் யாரும் மிச்சம் பிடிக்கக் கூடாது என்பதற்காக.

சிக்கல், பில்லை யார் வேண்டுமானாலும் குறைத்து எழுதி வாங்கலாம். "மச்சான் கடையில சும்மா கொடுத்தாரு" என்றால் என்ன செய்வீர்கள்?

3. 'உன் என்ஜினை நான் வாங்கிக்கிறேன்'

மூன்றில் சுவாரசியமானது இது. ரேஸ் முடிந்ததும், நிர்ணயித்த விலையைக் கொடுத்து உங்கள் என்ஜினை வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் மறுக்க முடியாது. ஆங்கிலத்தில் 'கிளெய்மிங் ரூல்' என்பார்கள். 2012-ல் மோட்டோ ஜி.பி.யே இந்த விதியை எடுத்துக்கொண்டது. சிறிய அணிகளுக்கான சி.ஆர்.டி. என்ற பிரிவில், கியர்பாக்ஸோடு சேர்த்து 20,000 யூரோ கொடுத்தால் பெரிய கம்பெனி அணிகள் அந்த என்ஜினைக் கேட்டு வாங்கலாம்.

இதன் அழகு, அதிகாரி யாரும் பில்லைச் சரிபார்க்க வேண்டியதில்லை. உதாரணத்துக்கு, விலை 15,000 ரூபாய் என்று வைத்தால், எந்த மெக்கானிக்கும் 60,000 ரூபாயை அந்த என்ஜினில் போட மாட்டார். போட்டால் அது அடுத்தவர் வீட்டுக்குப் போய்விடும். பயமே காவல்காரன்.

சோதிக்க முடியாத விதி, விதியே இல்லை

இங்கதான் பெரும்பாலான உள்ளூர்ப் பந்தயங்கள் தடுக்கி விழும். 'என்ஜினில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது' என்று ஒரு வரி எழுதுவது சுலபம். ஞாயிறு மதியம், 20 வண்டிகள் வரிசையில் நிற்கும்போது, அதை யார் எப்படிச் சோதிப்பது?

ஒரு சின்னக் கணக்கு. ஸ்ப்ளெண்டர் என்ஜினின் போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 49.5 மி.மீ. கணக்குப் போட்டால் 97.2 சிசி. தேய்ந்துபோய் அரை மி.மீ. ரீபோர் செய்தால் 99.1 சிசி ஆகும். இன்னொரு அரை மி.மீ. போனால் 101.1 சிசி.

அதாவது '100 சிசி வரை' என்று விதி எழுதினால், திருட்டுத்தனம் எதுவும் செய்யாமல் இரண்டாவது முறை ரீபோர் செய்தவரும் தகுதி இழப்பார். அவர் புது பிளாக் வாங்க வேண்டும். ஒரு வட்ட எண்ணை யோசிக்காமல் எழுதியதால், பழைய வண்டி வைத்திருப்பவருக்குக் கூடுதல் செலவு. '102 சிசி வரை' என்று எழுதியிருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

சிசியை அளக்க ஹெட்டைக் கழற்றி, வெர்னியர் காலிப்பர் வைத்தால் போதும். எடைக்கு ஒரு தராசு, ஸ்ப்ராக்கெட்டுக்குப் பல்லை எண்ணினால் சரி. ஆனால் உள்ளே போர்ட்டைத் தேய்த்துப் பெரிதாக்கியிருக்கிறார்களா, ஹெட்டை லேத்தில் சீவி கம்ப்ரஷனைக் கூட்டியிருக்கிறார்களா, இ.சி.யூ. மேப்பை மாற்றியிருக்கிறார்களா என்பதைப் பார்த்தவுடன் சொல்ல முடியாது. அளக்க முடியாத இடத்தில் விதி இருந்தால், அதை மதிப்பவர் தோற்பார், மீறுபவர் ஜெயிப்பார். நேர்மையாக இருப்பவருக்குத்தான் தண்டனை.

அதற்கு வழி இல்லாமல் இல்லை. என்ஜினில் கம்பி போட்டு சீல் வைக்கலாம். இ.சி.யூ.க்களைச் சேகரித்து, குலுக்கல் முறையில் மாற்றிக் கொடுக்கலாம். முதல் மூன்று இடம் பிடித்த வண்டிகளை மட்டும் பிரித்துப் பார்க்கலாம். சந்தேகம் உள்ள போட்டியாளர் பணம் கட்டி ஆட்சேபம் தெரிவிக்கலாம். தவறு உறுதியானால் பணம் திரும்பக் கிடைக்கும், இல்லையென்றால் போய்விடும். இந்த ஆட்சேப முறை மோட்டார் பந்தய உலகில் பழையது, இன்றும் வேலை செய்கிறது.

அப்போ மெக்கானிக்குக்கு என்ன வேலை?

ஒரு நியாயமான எதிர்ப்பு உண்டு. எல்லாவற்றையும் தடை செய்துவிட்டால், கைத்தொழில் தெரிந்த உள்ளூர் மெக்கானிக்குக்குப் பந்தயத்தில் என்ன இடம்? வண்டியைப் பிரித்துப் போட்டு வேகம் ஏற்றுவதுதானே பாதி ஆர்வம்?

இதற்கு ஒரு நடுவழி இருக்கிறது: உழைப்புக்கு அனுமதி, காசுக்குத் தடை. கார்ப்பரேட்டர் ஜெட்டிங், ஸ்ப்ராக்கெட் மாற்றம், ஃபோர்க் ஆயில் மாற்றுவது, பிரேக்கைச் சரியாக செட் செய்வது, ஹேண்டில்பாரை இறக்கிப் பொருத்துவது, இதற்கெல்லாம் பெரிய பணம் வேண்டாம், நேரமும் அறிவும் வேண்டும். இதைத் திறந்து விடலாம். கேம், பிஸ்டன், வெளிநாட்டு ஷாக் அப்சார்பர், ரேஸிங் இ.சி.யூ. போன்றவற்றை மூடிவிடலாம். அப்போது பெரிய ஊர்ப் பணக்காரரும் காரைக்குடி மெக்கானிக்கும் ஒரே தட்டில் நிற்பார்கள்.

எந்த வண்டியைத் தேர்வு செய்கிறோம் என்பதும் இதில் அடங்கும். ஆர்.எக்ஸ். 100 வைத்து ஒரு பிரிவு என்றால் கேட்கவே ஜோராக இருக்கும். ஆனால் 1996-ல் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டியை இன்று சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். ஒரு முறை விழுந்தால் ஒரிஜினல் டேங்க் எங்கே கிடைக்கும்? எந்த ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் பாகம் கிடைக்கிற வண்டிதான் ஏழைக்கேற்ற ரேஸ் வண்டி.

எதில் கை வைக்கவே கூடாது?

2023 ஆகஸ்ட் 5 அன்று, இருங்காட்டுக்கோட்டையில் தேசிய சாம்பியன்ஷிப் சுற்றின்போது பெங்களூரைச் சேர்ந்த 13 வயது வீரர் விபத்தில் உயிரிழந்தார். அனுபவம் உள்ள அமைப்பாளர்கள், நிரந்தர டிராக், எல்லாம் இருந்தும் நடந்தது இது. அதற்கு முன்பே, 2021-ல் ஐரோப்பாவில் இளம் வீரர்கள் அடுத்தடுத்து இறந்ததைத் தொடர்ந்து, கிராண்ட் ப்ரீ உலகச் சாம்பியன்ஷிப்புகளில் குறைந்தபட்ச வயது 2023 முதல் 18 ஆக உயர்த்தப்பட்டது.

வண்டி சின்னது, வேகம் குறைவு என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகாது. கூட்டமாக ஓடும்போது முன்னால் விழுந்தவர் மீது பின்னால் வருபவர் ஏறுவதுதான் பெரிய ஆபத்து. சின்ன வண்டிகள் ஒட்டி ஒட்டித்தான் ஓடும்.

ஆகவே செலவைக் குறைக்கும் கத்தரிக்கோல் இந்த இடங்களுக்கு வரவே கூடாது: மருத்துவரும் ஆம்புலன்ஸும், கொடி காட்டும் மார்ஷல்கள், பார்வையாளரைத் தள்ளி நிறுத்தும் தடுப்பு, ஹெல்மெட், தோல் சூட், முதுகுப் பாதுகாப்பு, காப்பீடு. வண்டியில் ஆயில் டிரெய்ன் போல்ட்டைக் கம்பியால் கட்டுவது, கண்ணாடி, ஹெட்லைட், ஸ்டாண்டைக் கழற்றுவது போன்றவற்றுக்கு ரொம்பக் காசு ஆகாது. ஆனால் டிராக்கில் சிந்தும் ஒரு கரண்டி ஆயில் அஞ்சு பேரைக் கீழே தள்ளும்.

தோல் சூட் வாங்க முடியாதவர்களுக்கு என்ன வழி? கிளப்பே பத்து சூட் வாங்கி வாடகைக்கு விடலாம். விதியைத் தளர்த்துவதைவிட அது நல்லது.

காரைக்குடிப் பக்கம் இது சாத்தியமா?

முதலில் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவுப்படி, மாநில அரசின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் பொது இடத்தில் பந்தயம் ஓட்டினால் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் ஒரு வருடம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். ஓட்டியவர் 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளர் மீதே 199ஏ பிரிவு பாயும்.

அடுத்து இடம். செட்டிநாட்டில் பழைய விமான ஓடுபாதை ஒன்று இருப்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். சோழவரக் கதையைப் படித்தவுடன் "அப்போ அங்கேயே நடத்தலாமே" என்று தோன்றும். ஆனால் நீண்ட நேர்கோடு என்பது வேகத்துக்கு நல்லது, பாதுகாப்புக்கு எதிரி. உரிமை உள்ள அரசுத் துறையின் அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்கவும் முடியாது.

எதார்த்தமான தொடக்கம் இன்னும் சின்னதாகத்தான் இருக்கும். பெரிய மைதானம் அல்லது தளம் போட்ட காலி இடத்தில் கூம்பு வைத்து வளைவுகள் அமைத்து, ஒவ்வொருவராக நேரத்துக்கு எதிராக ஓட்டுவது. ஒருவர் மட்டும் ஓடுவதால் மோதல் இல்லை. வேகமும் குறைவு. வண்டியைவிட ஓட்டுபவர் திறமை பேசும். அதில் தேறியவர்கள் கோ-கார்ட் டிராக்கில் கூட்டமாக ஓட்டலாம். 2021-ல் தொடங்கிய மினி ஜி.பி. உலகத் தொடரும் சிறுவர்களை குட்டி பைக்குகளில் கார்ட் டிராக்கில்தான் ஓடவிடுகிறது.

அப்படி ஒரு பிரிவு தொடங்கினால் விதி ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். ஒரு மாதிரி வரைவு:

• வண்டி: ஏர் கூல்டு, இரண்டு வால்வு, 102 சிசி வரை. இந்தியச் சந்தையில் பாகம் கிடைக்கும் மாடல்கள் மட்டும்.
• என்ஜின்: கம்பெனி பாகங்கள். கம்பெனி அளவுக்குள் ரீபோர் செய்யலாம். ரேஸுக்குப் பின் நிர்ணயித்த விலைக்கு யாரும் கேட்கலாம்.
• எடை: வண்டியும் ஆளும் சேர்த்து ஒரே குறைந்தபட்ச எடை.
• டயர்: ஒரே பிராண்ட், ரோட்டில் விற்கும் டயர். சீசனுக்கு இரண்டு செட்.
• மாற்றலாம்: ஸ்ப்ராக்கெட், ஜெட், ஹேண்டில்பார், ஃபுட்ரெஸ்ட், பிரேக் பேட்.
• வயது: 18 நிறைந்தவர்கள். ஒரு சீசனில் மூன்று முறை முதலிடம் பிடித்தவர் அடுத்த வருடம் மேல் பிரிவுக்குப் போக வேண்டும்.
• விதி மாற்றம்: மூன்று வருடத்துக்கு இல்லை. பாதுகாப்பு விதிகள் மட்டும் விலக்கு.

கடைசி இரண்டும் சின்னதாகத் தெரியும். ஆனால் பிரிவு உயிரோடு இருப்பது அதில்தான். ஜெயித்தவரே திரும்பத் திரும்ப ஜெயித்தால் புதியவர் வர மாட்டார். வருஷா வருஷம் விதி மாறினால், போன வருஷம் கடன் வாங்கி வண்டி செய்தவர் ஏமாந்து நிற்பார்.

அடுத்து யார் என்ன செய்ய வேண்டும்?

2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார் பந்தயம் நடந்தபோது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் பின்னால் நின்றது. ஆதரித்தும் எதிர்த்தும் நிறையப் பேசினோம், வழக்குகூட நடந்தது. மோட்டார் பந்தயம் அரசுக்கு அந்நியமான விளையாட்டு இல்லை என்பது மட்டும் அதில் தெளிவானது.

அந்த அளவு செலவு இதற்கு வேண்டாம். மாவட்ட நிர்வாகம் இடத்துக்கு அனுமதி தர வேண்டும். எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யில் இணைந்த ஒரு கிளப் பொறுப்பேற்க வேண்டும். ஓர் உள்ளூர்ப் பாலிடெக்னிக் சோதனைக்கு ஆளும் கருவியும் கொடுக்கலாம். வெர்னியர் காலிப்பர் பிடிக்கத் தெரிந்த நான்கு மாணவர்கள் இருந்தால், விதி காகிதத்தில் இருந்து களத்துக்கு வந்துவிடும்.

இப்படி ஒரு பிரிவு வந்துவிட்டால் பைபாஸ் ரேஸ் ஒரே நாளில் நின்றுவிடும் என்று யாரும் சொல்ல முடியாது. ரீல்ஸுக்காக ஓட்டுபவருக்கு டிராக் தேவையில்லை. ஆனால் உண்மையிலேயே ஓட்டிப் பார்க்க ஆசைப்படும் ஒரு கூட்டம் இருக்கிறது. "டிராக்குல போய் ஓட்டு" என்று அவர்களிடம் சொல்லும்போது, அந்த டிராக்கும் அதில் அவர்களுக்கான ஒரு வரிசையும் கைக்கெட்டும் விலையில் இருக்க வேண்டும்.